தொடவிடாதவள்

வீட்டில் எத்தனை பூனைகள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. நான்கு என்றால் ஒருத்தியை இல்லையென்று சொன்னதாகிவிடும். ஐந்து என்றால் அந்த ஐந்தாமவளை நான் வளர்ப்பதாக உரிமை கொண்டாடியதாகிவிடும். கறுப்பன், செவலை, ஒத்தக்கண்ணு, பொட்டு ஆகிய நால்வரைப் பற்றி எனக்கு ஐயம் ஏதுமில்லை. மடியிலும், விரித்து வைத்த புத்தகத்தின் மேலும், துவைத்து மடித்த வேட்டிகளின் மேலும் கிடப்பவர்கள் அவர்கள். ஐந்தாமவள் வரிச்சியின் உலகம் வேறு. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் பின்கட்டில், விறகு அடுக்கும் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி உண்டு. அதற்கு நேர் மேலே பரண். இந்த இரண்டுக்கும் இடையில்தான் அவளுடைய போக்குவரத்து எல்லாம். நான் வைக்கும் சோற்றைத்தான் சாப்பிடுகிறாள், ஆனால் நான் சமையலறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே போன பிறகே கிண்ணத்துக்கு வருகிறாள். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வெறும் கையால் நான் அவளைத் தொட்டதே இல்லை. தொட வேண்டியிருந்தபோதெல்லாம் இடையில் கூண்டுக் கம்பியோ தடித்த துண்டோ மயக்க மருந்தோ இருந்திருக்கிறது. ஓர் உயிர் என் கூரைக்கடியில் என்னைக் கண்டு அஞ்சியபடியே முதுமையடைகிறது, அதைப் பராமரிப்பு என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு ராத்திரிகளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பராமரிப்பின் பெரும்பகுதி மீன்தான். உறையூர் மீன் மார்க்கெட்டில் எனக்கு வாடிக்கையாகப் போடும் பெண்மணி தூரத்தில் பார்த்ததுமே, “பிள்ளைங்களுக்கா அக்கா?” என்று கேட்டுவிட்டு மத்தியை ஒதுக்கி வைத்துவிடுவாள். பெருமாள் புறப்பாடு போகும் தெருக்களுக்கு நடுவே மீன் வேகவைப்பது எளிய காரியமில்லை. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்கட்டு அடுப்பில் வைத்துக்கொள்கிறேன். உப்பில்லை, வெங்காயமில்லை, பூண்டில்லை. பின்னிரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பச்சையாகவும் போடுவதில்லை, சில மீன்களின் பச்சைச் சதையில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சதையோடு சேர்த்தே பிசைகிறேன். டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை பழுதாகும் என்று 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்று 1987இலும் கண்டுபிடித்தார்கள். தன் உடம்புக்கு வேண்டிய அளவு டாரினைப் பூனையால் உண்டாக்கிக்கொள்ள முடியாது, இன்னோர் உயிரின் சதையிலிருந்துதான் பெற்றாக வேண்டும். அண்டை வீட்டார் அன்போடு சர்க்கரைப் பொங்கலும் பாலும் கொண்டுவந்து வைப்பார்கள். இனிப்பை உணரும் மரபணுவே பூனைகளிடம் செயலிழந்துபோனது என்று 2005இல் தெரியவந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. அதனால் ஐந்து உயிர்களைக் காப்பதற்கு வாரந்தோறும் கூடை கூடையாக வேறு உயிர்கள் வெள்ளிக் கண்களோடு என் சமையலறைக்கு வருகின்றன. இந்தக் கணக்கை நேர்செய்ய எனக்குத் தெரியவில்லை. மத்தியின் வயிற்றைக் கீறும்போது முட்டைச் சரம் கையில் வழுக்கும் நாட்களில் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நால்வரும் வந்த வழிகள் வேறு வேறு. கறுப்பன் ஐப்பசி அடைமழையில் தெருக்கால்வாயில் கிடந்தான். செவலை நிறுத்தியிருந்த ஆட்டோவின் என்ஜின் சூட்டுக்குள் ஒண்டியிருந்தாள். பொட்டுவை அட்டைப்பெட்டியில் போட்டு யாரோ திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒத்தக்கண்ணு எங்கிருந்தும் வரவில்லை, எங்கள் பரணிலேயே பிறந்தவன், வரிச்சி பெற்றவன். பூனைகளுக்கு ஹெர்பிஸ் வகைக் கிருமி ஒன்று உண்டு. சளியும் கண் பீளையுமாகத் தொடங்கிக் குட்டிகளின் கண்ணையே தின்றுவிடும். இமைகள் ஒட்டிப்போன அவனை எடுத்து மருந்திட்டோம், இடக்கண் மிஞ்சியது. நான்கு பேருமே உள்ளங்கை அளவில் இருந்தபோது மனிதக் கைக்கு வந்தவர்கள். ஒரு குட்டி மனிதரைத் தன் உலகின் பகுதியாக ஏற்கப் பழகும் பருவம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை என்கிறார்கள். அந்த ஐந்து வாரங்களுக்குள் கையின் சூடும் குரலும் வாசனையும் படிந்துவிட்டால் ஆயுளுக்கும் அதற்கு மனிதரிடம் அச்சமிருக்காது. படியாமல் போனால், பிறகு எத்தனை ஆண்டு சோறு போட்டாலும் சிலவற்றிடம் அந்தக் கதவு திறப்பதில்லை. வரிச்சி அரை வளர்த்தியில் மதிலேறி வந்தவள். அவளுடைய அந்த ஐந்து வாரங்கள் எங்கே கழிந்தனவோ, யாரை, எதைக் கண்டு அஞ்சக் கற்றாளோ! என்னிடம் அவள் காட்டும் அச்சத்தில் எனக்குப் பங்கில்லை என்று இதை வைத்து ஆறுதல் கொள்ளலாம். கொள்ள முடியவில்லை. காலையில் நான் கிண்ணத்தோடு போகும்போது ஒடுங்குகிற உடம்பு அவளுடையது, அது ஒடுங்குவதற்குக் காரணமான உடம்பு என்னுடையது.

இந்த ஊரில் உபந்நியாசம் கேட்டு வளர்ந்த யாருக்கும் பூனையும் குரங்கும் வெறும் பிராணிகள் அல்ல. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, ஜீவனும் அப்படிப் பகவானைத் தன் முயற்சியால் பற்ற வேண்டும் என்பது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் கவ்விக்கொண்டுபோய்ப் பத்திரமான இடத்தில் சேர்க்கிறது, அருளும் அப்படித்தான் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். ஸ்ரீவசன பூஷணம் இயற்றிய பிள்ளை லோகாசாரியர் வாழ்ந்த ஊர் இது, ஆகவே இங்கே பூனைப் பக்கம்தான் காற்று அதிகம். எனக்கும் அதுவே பிடித்திருந்தது. ஒரு மழைநாளில் விறகு மேடைக்கடியில் தண்ணீர் ஏறியபோது வரிச்சி தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விப் பரணுக்கு ஏற்றியதை நிலைப்படியில் நின்று பார்த்தேன். கவ்விய கணத்தில் குட்டியின் உடம்பு மொத்தமும் தளர்ந்து, பின்னங்கால்கள் மடங்கி, வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. கத்தல்கூட நின்றுவிட்டது. சரணாகதி என்றால் இதுதான் என்று அப்போது தோன்றியது. பிறகுதான் அந்தக் காட்சியின் இன்னொரு பாதி உறுத்தத் தொடங்கியது. அந்தத் தளர்ச்சி குட்டிப் பருவத்தின் உடற்கூறு. வளர வளர அது குறைந்துபோகிறது. வளர்ந்த பூனையைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலியும் பீதியும்தான். நல்ல கால்நடை மருத்துவர்கள் இன்று அந்தப் பிடியைத் தவிர்க்கிறார்கள். அப்படியானால் நியாயம் சொல்லும் அருள் குட்டியாக இருப்பவர்களுக்கு மட்டுமா? தாமதமாக வந்தவள், கவ்வ வரும் வாயைப் பகையின் வாயாக மட்டுமே அறிந்தவள், அவளை எப்படித் தூக்குவது? தத்துவத்தில் இதற்கு விடை இருக்கக்கூடும். என் பின்கட்டில் இல்லை.

அவளைப் பிடித்தே ஆக வேண்டிய நாள் வந்தது. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஏறக்குறைய 65 நாளில் ஈன்றுவிடும், பாலூட்டும்போதே மறுபடியும் சினைப்படும். பொட்டுவோடு அதே அட்டைப்பெட்டியில் வந்த குட்டி எங்கள் கையிலேயே இரண்டு பகல் ஓயாமல் வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலை தொங்கி, குடிக்க மாட்டாமலே செத்தது. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸின் வேலை. அது வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். சாதாரணக் கழுவு மருந்துகள் பலவற்றுக்கு அசையாது, பிளீச்சிங் போட்டுத் தரையைத் தேய்த்தாக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டி எதையும் அதற்குப் பிறகு வெகுகாலம் உள்ளே எடுக்க முடியவில்லை. தெருவில் ஒன்று கத்தியதைக் கேட்டும் கதவைத் திறக்காமல் படுத்திருந்தோம். ஆகவே வரிச்சி மேலும் மேலும் ஈனுவதை வேடிக்கை பார்க்க எனக்கு மனமில்லை. கூண்டுப் பொறியை இரவல் வாங்கி வந்தேன். முதலில் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, கிண்ணத்தை அதன் வாசலில் வைத்தேன். சில நாள் கழித்துச் சற்று உள்ளே. பிறகு இன்னும் உள்ளே. மீனை அன்றைக்கென்று கூடுதல் மணத்தோடு வதக்கினேன். அவள் ஒவ்வொரு நாளும் ஓரடி கூடுதலாக என்னை நம்பினாள். கடைசி மிதிபலகையில் அவள் கால் பட்டதும் பின்னால் கதவு விழுந்த ஓசை தகரத்தில் கல் விழுந்தது போலக் கேட்டது. அவள் கம்பியில் மோதிய மோதலில் மூக்கு நுனி கிழிந்து ரத்தம் வந்தது. போர்வையைப் போட்டு மூடினேன், இருட்டானதும் அடங்கிவிட்டாள்.

மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரும்பாறைச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்று இருக்கிறது. அதன் அருகே எலிகள். தவசி வேடம் போட்டு எலிகளின் நம்பிக்கையைப் பெற்று அவற்றைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன் முன் நின்று எல்லோரும் சிரித்தோம், வழிகாட்டிகள் இன்றும் அதைக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறார்கள். கூண்டு வைத்ததற்குப் பிறகு அந்தச் சிற்பத்தைப் பற்றி நினைக்கும்போது நான் எலியின் இடத்திலிருந்து பார்க்கிறேன். வரிச்சியின் கண்ணுக்கு என் விடியற்காலைக் கிண்ணங்கள் எல்லாம் அந்தத் தூக்கிய கைகள்தான். அவளுடைய சந்தேகத்தை நான் மெய்யாக்கிக் காட்டினேன். அதற்காக வருந்துகிறேனா என்றால் இல்லை. மறுபடியும் அதே நிலை வந்தால் அதே மீனை அதே மணத்தோடு வதக்குவேன். செய்தது சரி என்பதும், அவள் கோணத்தில் அது கொடிய வஞ்சகம் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. இதில் ஒன்றை இன்னொன்று கரைத்துவிடும் என்று நெடுநாள் காத்திருந்தேன். கரையவில்லை. கருத்தடை அறுவை முடிந்து, அதன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பி வந்தவள் பரணுக்குத் தாவி ஏறினாள், முழுதாக இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கிண்ணம் காலியாகியிருந்தது. பசி அவளை இறக்கியதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

ஒருவேளை தொடுவதையே உறவின் அளவாகக் கொண்டிருப்பதுதான் என் பிழையோ என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழியையும் அதிலிருந்து முழத்துக்கும் குறைவான தூரத்தில் ஒரு பூனையின் எலும்புக்கூட்டையும் கண்டெடுத்த செய்தி 2004இல் வெளியானது. பூனைக்கு எட்டு மாதம்தான் இருக்கும். வெட்டித் தின்ற தடம் ஏதுமில்லை. மனிதர் செத்தபோது அதுவும் தற்செயலாகச் செத்ததா, கூட அனுப்புவதற்கென்று கொல்லப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். 2007இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியக் காட்டுப் பூனையின் வழி வந்தவை என்றார்கள். மனிதன் தானியம் சேர்த்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை, யார் மடியிலும் யாரும் படுக்கவில்லை. தானியக் குதிரின் பக்கத்தில் இருட்டில் ஓர் அசைவு, காலையில் ஓர் எலிவால், அவ்வளவுதான் உடன்படிக்கை. நம் பக்கத்தில் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தி வெருகு என்ற காட்டுப் பூனையைக் கவனித்துப் பார்த்திருக்கிறார். குறுந்தொகையில் அவருடைய ஒரு பாட்டில் மாலை நேரத்தில் வேலியோரம் வந்த வெருகைக் கண்டு கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது, இன்னொன்றில் முல்லை அரும்பு வெருகின் சிரிப்பாகத் தெரிகிறது. அந்தப் பற்களின் வெண்மையை அவ்வளவு அருகில் பார்த்தவர் அதைத் தடவிக்கொடுக்க நினைத்திருக்கமாட்டார். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் அது இருந்தது, அவர் பார்த்தார். வரிச்சி அந்தப் பழைய உடன்படிக்கையில் இருப்பவள், புதிய பேராசை என்னுடையது என்று இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது. ஆனால் வெருகின் கருப்பையை யாரும் எடுக்கவில்லை. பழைய உடன்படிக்கையின் ஒரு பக்கத்தை நான் ஏற்கெனவே கிழித்துவிட்டேன்.

அவள் தொடுகையையே வெறுப்பவளும் அல்ல. மற்ற நால்வரோடும் உரசிக்கொண்டு திரிகிறாள். குறிப்பாக ஒத்தக்கண்ணு. அவன் என் மடியில் வெகுநேரம் கிடந்துவிட்டு எழுந்து, முதுகை வளைத்து நெளித்து, நேரே பின்கட்டுக்குப் போவான். அவள் அவனுடைய தலையிலிருந்து தொடங்கி, நான் தடவிய இடமெல்லாம், கண்ணில்லாத பக்கத்துக் குழியையும் விடாமல் நக்குவாள். என் வாசனையைத் துடைத்து அவனைத் தன் மகனாக மீட்டெடுக்கிறாளா, அல்லது அந்த வாசனையைத் தன் நாக்கில் ஏற்றிக்கொள்கிறாளா? ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று நக்கியும் உரசியும் ஒரு பொது மணத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த மணத்தில் என் பங்கும் ஒரு துளி கலந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுடைய காது திரும்புகிறது, ஆனால் எந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்புகிறது. ஜப்பானில் 2019இல் நடந்த ஓர் ஆய்வில் வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிந்தன. பல பூனைகள் வாழும் கஃபே ஒன்றில் இருந்தவையோ தங்கள் பெயரையும் கூட இருக்கும் பூனைகளின் பெயரையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. எங்களுடையதும் அப்படியொரு கூட்டுக் குடித்தனம்தான்.

எனக்கும் வரிச்சிக்கும் இடையில் இருக்கும் ஒரே பேச்சு கண்ணால் நடப்பது. பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி, மெதுவாக மூடித் திறந்தால் அதுவும் பதிலுக்குச் சுருக்குகிறது, அப்படிச் செய்த மனிதரை நெருங்கவும் கூடுதலாகத் துணிகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் எழுதினார்கள். அதைப் படிப்பதற்கு முன்பே நிலைப்படியில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பூனை வைத்திருக்கிற எல்லோரும் எப்படியோ கற்றுக்கொள்வதுதான். விறகு மேடைக்கு மேலே இரண்டு பச்சைக் கண்கள். நான் மூடித் திறப்பேன். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. முருங்கை மரத்தில் அணில் கத்தும், கோபுரத்துப் புறாக்கள் ஒருமுறை எழும்பி அமரும். பிறகு அந்தக் கண்கள் பாதியாகும். நெருங்குவதெல்லாம் இல்லை. அந்தப் பாதியோடு நிற்பாள். ஆண்டுக்கணக்கான மீனுக்கும் அக்கறைக்கும் கிடைத்தது இதுதானா என்று கேட்ட உறவினர் ஒருவருக்கு நான் பதில் சொல்லவில்லை. மற்ற நால்வர் தரும் அத்தனை கதகதப்பையும்விட அந்தப் பாதிக் கண்ணுக்காகத்தான் விடியலில் எழுகிறேன் என்பதைச் சொன்னால் அவர்களுக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

இப்போது அவள் அதிகம் தண்ணீர் குடிக்கிறாள். மண் தொட்டியில் ஈரக் கட்டிகள் பெரிதாகியிருக்கின்றன. முதுகெலும்பு தோலுக்கு மேல் கோடாகத் தெரிகிறது. வயதான பூனைகளுக்குப் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் முடிவு தொடங்கும் என்கிறார் மருத்துவர். உறுதிசெய்ய ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு மறுபடியும் கூண்டும் மயக்கமும். உறுதியானால் வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம். ஊசி இறங்கும் இடம் தளர்ந்த தோலுள்ள பிடரிப் பக்கம், தாய் கவ்வும் அதே இடம். செவலைக்கு அது வந்தால் மடியில் வைத்துச் செய்துவிடுவேன். வரிச்சிக்கு வாரத்தில் பல தடவை போர்வையும் போராட்டமும். மாதங்கள் கூடும், ஒவ்வொரு மாதமும் பீதியில் கழியும். வீட்டில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஆயுளை நீட்டுவதற்கென்று மட்டும் அவளைப் பிடிப்பதில்லை. வலி என்று தெரிந்தால் கூண்டு வைப்போம், அதுவே கடைசித் தடவையாகவும் இருக்கட்டும். இந்த முடிவு கருணையா, சோர்வா என்று எனக்குள் தர்க்கம் ஓயவில்லை, ஆனால் முடிவை மாற்றப்போவதுமில்லை.

மிச்சமிருப்பது வலியைக் கண்டுகொள்வது. பூனை வலியை மறைத்துவைக்கும். தொட்டு அமுக்கிப் பார்க்க முடியாத ஒருத்தியிடம் முகம்தான் சான்று. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட முக அளவை ஒன்றை மருத்துவர் கைப்பேசியில் அனுப்பினார். காதின் நிலை, கண்ணின் இறுக்கம், வாய்ப்பகுதியின் விறைப்பு, மீசையின் வளைவு, தலை தோளுக்கு மேலே இருக்கிறதா கீழே இறங்கிவிட்டதா என்று ஐந்து குறிகள். தூரத்திலிருந்தே பார்த்து மதிப்பிடலாம். சிக்கல் என்னவென்றால், அதில் கண்ணைச் சுருக்குவது வலியின் அடையாளம். நேற்று மாலை அவள் கண்ணைப் பாதியாக்கியபோது அது எனக்குச் சொன்ன பதிலா, உள்ளே எங்கோ குத்துகிறதா என்று பிரித்தறிய முடியாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். “கண்ண மட்டும் பாக்காதீங்கம்மா, காதையும் மீசையையும் சேத்துப் பாருங்க, தினமும் ஒரே நேரத்துல வீடியோ எடுத்து அனுப்புங்க” என்கிறார் மருத்துவர். பின்கட்டில் வெளிச்சம் போதவில்லை. ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதிக்க நாளைக்குக் கொத்தனார் வருகிறார். ஏணியின் ஓசையில் அவள் மிரண்டு ஓடாமலிருக்க, வேலை முடியும்வரை ஒத்தக்கண்ணுவையும் அவளோடு பரணில் விட்டு, கீழே கதவைச் சாத்திவைக்க வேண்டும்.